காசியில் விட்ட பழம்

"இந்த வருஷம் இன்னும் இதை வாயில வைக்கலை அக்கா. நீங்களும் ஒரு வாய் சாப்பிடணும்" என்று சீத்தாப்பழத்தை இரண்டாகப் பிளந்து, பாதியைத் தட்டோடு நீட்டினார் எலியாஸ்.

தனம் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எலியாஸ் கொச்சிக்காரர், யூதர். குரோம்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் கெமிஸ்ட். சொந்தபந்தமெல்லாம் இஸ்ரேலுக்குக் கப்பலேறிவிட, ஒண்டியாக அவள் வீட்டு மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்து எட்டு மாதமாகிறது.

அவர்களுடைய வருஷப் பிறப்பின் இரண்டாம் நாள், விளக்கு வைத்ததும், அந்த வருஷம் வாயில் படாத ஒரு பழத்தைத் தின்ன வேண்டுமாம். அதற்கு முன், இன்றுவரை உயிரோடு வைத்திருப்பதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். தனியாகத் தின்ன மனசு வராமல் இறங்கி வந்திருக்கிறார்.

பாவம், மனுஷருக்கு விஷயம் தெரியாது.

அஸ்தினாபுரத்தில் அந்தத் தெருவுக்கே தெரியும். ஆறு வருஷத்துக்கு முன், ஒரே பிள்ளை கோபுவின் அஸ்தியைக் காசியில் கரைத்த கையோடு தனம் சீத்தாப்பழத்தை விட்டுவிட்டாள். காசிக்குப் போய், பிடிக்காத பாகற்காயை விட்டுவிட்டு வருகிற கெட்டிக்காரர்கள் உண்டு. இவள் பிள்ளைக்கு உயிரான பழத்தை விட்டாள். என்ன தாய்ப்பாசம் என்று தெருவே உருகியது.

கொல்லை மரமோ வஞ்சனையில்லாமல் காய்த்தது. பழமெல்லாம் அக்கம்பக்கத்துக்குப் போய்விடும்.

எலியாஸ் கண்ணை மூடிப் புரியாத பாஷையில் ஏதோ ஓதினார். ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

நல்ல நாளில் வந்தவர் முகம் வாடக் கூடாது. ஆனால் கங்கையில் நின்று கொடுத்த வாக்கு.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நாக்கில் எச்சில் ஊறியது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒரு சுளையை எடுத்து வாய்வரை கொண்டுபோனாள். உள்ளறைக் கட்டிலிலிருந்து இருமல் கேட்டது.

உள்ளே யாருமில்லை.

சுளையைத் தட்டிலேயே வைத்தாள். காசிக்குப் போன கதையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"வேணாம்டா கண்ணு. சளி பிடிக்கும்."

நாற்பது வயது எலியாஸ் திகைத்துப் போனார்.

காய்ச்சலில் கிடந்த கோபு, ஒரே ஒரு சுளை என்று கடைசியாகக் கை நீட்டியபோதும் அவள் இதையேதான் சொன்னாள். அது மட்டும் தெருவுக்குத் தெரியாது.