நாற்பது நண்டுகள்

ஆய்வுக்கூட மேசைமேல் காலிக் கூண்டை வைத்தார் அப்பா.

“ஒரு மாசமா குடாவுல ஒரு நண்டு கிடையாது. உன் பொண்ணு நண்டுக்கு ஜோசியம் பாத்தாளான்னு ஊரே சிரிக்குது.”

மகள் பதிவேட்டைப் புரட்டினாள். மூன்று வருடங்களாக மாதம் நாற்பது நண்டுகள், அப்பாவே பிடித்துக் கொண்டுவந்து தந்தவை. ஒன்றில்கூட நண்டுகளைக் கொல்லும் வைரஸ் இல்லை. அதை நம்பித்தான் விரிகுடாவில் நோய் இல்லை என்று அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள்.

“சோதனையில தப்பு இல்லப்பா. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பாத்திருக்கேன்.”

“அப்ப நண்டெல்லாம் எங்க, சாமியாராப் போயிடுச்சா?”

அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. “கூண்டுல விழுந்ததை அப்படியே அள்ளிட்டுத்தானே வந்தீங்க?”

அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “பெத்த பொண்ணுக்கு அப்படித் தருவேனா? நல்லாத் துள்ளுறதா பாத்துப் பொறுக்கித்தான் கொண்டு வந்தேன். புள்ளி விழுந்து சோம்பிக் கிடந்ததுல ஒண்ணைக்கூட உன் கண்ணுல காட்டல.”

“அதையெல்லாம் என்னப்பா செஞ்சீங்க?”

“அதை விக்க மனசு வருமா? பொழைச்சுப் போகட்டும்னு குடாவுலயே விட்டுட்டேன்.”