சூப்பர்வைசருக்குப் பிரியாவிடை

மலேசியாவின் சுங்கை பெசார் கையுறைத் தொழிற்சாலையில், ஓய்வுபெறும் சூப்பர்வைசர் திருச்செல்வத்துக்குப் பிரியாவிடை விருந்து. பெண்கள் மாலையோடு வரிசையில் நின்றார்கள்.

“விடை கொடுப்போம், ஆனால் பிரிய மாட்டோம். அதனால்தான் அது பிரியாவிடை,” என்று மேனேஜர் முகுந்தன் மைக்கில் விளக்கினார்.

முதலில் வந்த திலகா மாலையைக் கீழே போட்டுவிட்டுத் திருச்செல்வத்தை ஓங்கி அறைந்தாள். மூக்குக்கண்ணாடி பறந்தது, உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது.

“வள்ளியம்மா மெஷின்கிட்ட மயங்கி விழுந்தப்ப, ‘செத்தா வேற ஆளு இருக்கு’ன்னு சொன்ன வாய்தானே இது?”

“உன் வேலை போயிரும்டி!”

“இன்னையோட உங்க வேலைதான் லா முடியுது!”

முகுந்தன் கையிலிருந்த கடிதத்தைப் பிரித்தார். “சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தேன்... சாருக்கு இன்னும் ரெண்டு வருசம் வேலைய நீட்டிச்சிருக்கோம்.”



திலகாவுக்குப் பின்னால் நின்ற பதினொரு பெண்களும் மாலைகளைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்கள்.