நாலாம் நம்பர் வீட்டுத் தாழ்ப்பாள்

டிங் டிங்... டிங்.

இருட்டினால் போதும், வீட்டுக்குப் பின்னாலிருந்து இந்தச் சத்தம் ஆரம்பித்துவிடும். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தட்டு. யாரோ ஜன்னல் கண்ணாடியைத் தட்டுவது போல.

கணவர் அமலுக்கு நெய்வேலியில் நைட் ஷிப்ட். நானும் கைக்குழந்தையும் மூன்றாம் நம்பரில். சுவரோடு ஒட்டிய நாலாம் நம்பர் காலி. அதன் பின்கதவுத் தாழ்ப்பாள் பெயிண்ட் அப்பி இறுகிப்போனதில், கதவு சும்மா சாத்தித்தான் கிடந்தது. யாராவது உள்ளே புகுந்தால் மொட்டை மாடி வழியாக எங்கள் வீட்டுக்கே வந்துவிடலாம்.

அந்த வீட்டை யாராவது வாங்கி, அந்தத் தாழ்ப்பாளைப் போட்டால் போதும் என்று நான் ஜெபிக்காத ராத்திரி இல்லை.

எங்கள் வரிசை வீடுகளுக்கு 'கிரீன் அவென்யூ' என்று பெயர். பச்சையாக இருப்பது கேட் மட்டும்தான்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் வீடு பார்க்கக் காரில் ஒரு தம்பதி வந்தார்கள். விருத்தாசலத்துக்கு மாற்றலாகி வந்திருக்கும் பேங்க் ஆபீசர் பிரபாகரன், அவர் மனைவி கயல்விழி. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோதண்டபாணி அங்கிள் சுற்றிக் காட்டினார். ஆள் நழுவிவிடக் கூடாதே என்று நானும் குழந்தையோடு கூடவே போனேன்.

"கான்வென்ட் வேன் கேட்டுக்கே வருதுங்க. தண்ணி உப்பு கெடையாது. ஜங்ஷன் கிட்டக்க" என்ற அங்கிள், குரலைத் தாழ்த்தினார். "எல்லாத்தையும் வுட, இங்க இருக்கறவங்க அத்தன பேரும் டீசன்ட்டான ஆளுங்க. சாருக்குச் சொந்த ஊரு?"

"திட்டக்குடி பக்கம்."

"திட்டக்குடில எந்தத் தெருங்க?"

எங்கள் கிரீன் அவென்யூவில் சாதியை நேராகக் கேட்க மாட்டோம். படித்தவர்கள் இல்லையா. தெருவைக் கேட்போம். நாங்கள் குடிவந்தபோது, கிறிஸ்தவர்கள் என்றதும், எந்தப் பங்கு, எந்த ஊர் மாதா கோயில் என்று அங்கிள் கேட்டார்.

"டவுனுக்குள்ளயேதாங்க" என்றார் பிரபாகரன். கயல்விழி திடீரென்று செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

டிங் டிங்... டிங்.

"என்னங்க அது சத்தம்?" என்றார் கயல்விழி.

வந்தவர்களும் போய்விடப் போகிறார்களே என்று எனக்குக் கவலை.

"அதுவா? பின்னாடி செராமிக் வேலைக்குப் போறவங்க தெரு. எதையாவது தட்டிக்கிட்டே கெடப்பாங்க" என்றார் அங்கிள். "சொவத்த இன்னும் நாலடி ஒசத்தப் போறோம். அப்பறம் அவங்க சத்தமும் கேக்காது, மூஞ்சியும் தெரியாது."

"சூளையில வெந்த ஜாடியத் தட்டிப் பாக்குறாங்க" என்றார் பிரபாகரன். "கணீர்னு கேட்டா நல்ல ஜாடி. டொக்குன்னு கேட்டா உள்ள விரிசல்."

"சாருக்கு எப்டித் தெரியும்?"

"எங்கயோ படிச்சேன்."

இத்தனை நாள் ஒரு ஊறுகாய் ஜாடிக்கா நடுங்கினேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

பிரபாகரன் சமையலறைப் பக்கம் போனார். அங்கே இருந்த பீங்கான் வாஷ்பேசினை, ஏதோ நினைவில், விரலை மடக்கித் தட்டினார். டிங் டிங்... டிங். தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டார்.

வெளியே சத்தம் நின்றது.

கொஞ்ச நேரத்தில் சுவரைச் சுற்றிவந்து, பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மா வந்து நின்றார். முழங்கை வரை வெள்ளை மண். இடுப்பில் ஒரு புது ஜாடி.

"பிரபா... நீ தட்டுற தட்டுலயே தெரிஞ்சிது. எப்பப்பா வந்த?"

அங்கிள் எரிந்து விழுந்தார். "யாரும்மா நீ? ஒம்பாட்டுக்கு உள்ள வர்ற? சார், இவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

கயல்விழி செல்போனிலிருந்து நிமிரவில்லை. பிரபாகரன் வாஷ்பேசினையே பார்த்தபடி நின்றார்.

"தெரியாதுங்க."

அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அங்கிளிடம் திரும்பினார்.

"ஆமாங்க, ஆளு மாறிப்போச்சு. எம் புள்ள வெளியூர்ல இருக்குறான். அவனும் இப்டித்தான் தட்டுவான்."

இடுப்பிலிருந்த ஜாடியை ஒரு தட்டு தட்டி என்னிடம் நீட்டினார். "கணீர்னு இருக்குது பாரு பாப்பா. இந்த வூட்டுக்குக் குடிவர்றவங்களுக்குக் குடு, உப்பு போட்டு வச்சிக்கட்டும்." படியிறங்கப் போனவர், பிரபாகரனைப் பார்க்காமலே சொன்னார். "நல்ல வூடு சார், வாங்குங்க. வெளக்கு வச்சப்புறம் இனிமே நாங்க தட்டல."

போய்விட்டார்.

"பாத்தீங்களா? இதுக்குத்தான் சொவரு" என்றார் அங்கிள்.

"நாலடி பத்துமாங்க?" என்று கேட்டார் பிரபாகரன்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேராகப் பின்கதவுக்குப் போனார். நானும் அங்கிளும் எத்தனையோ முறை முயன்றும் அசைக்க முடியாத அந்தத் தாழ்ப்பாளை, விரல் சிவக்க இரண்டு கையாலும் இழுத்து, நான் ராத்திரி ராத்திரியாக ஜெபித்தபடியே, உள்பக்கமாகப் போட்டார்.