‘பால்’ என்று சொன்னால்தான்

“சொல்லு கண்ணு... பா...ல்!”

நாலு வயசுப் பூங்கோதை என் உதட்டைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். வாயை இறுக்கிக்கொண்டாள்.

பிறவியிலேயே காது கேட்காது. நோஞ்சான் வேறு. பாலும் முட்டையும் கட்டாயம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காது கேளாத பிள்ளைகளைப் பேசவைக்கத் தபாலில் வரும் பாடமோ, ‘கை ஜாடை கூடாது, வாயால் கேட்டால் மட்டும் கொடுங்கள்’ என்றது. கான்வென்ட்டில் பத்து வருஷம் சொன்னபடி கேட்டே வளர்ந்தவள் நான். இம்மி பிசகவில்லை.

“ஏனுங்க, மூணு நாளா ஒரு வாய் பால் உள்ள போகலீங்க. பயமா இருக்குதுங்க.”

“சட்டம்னா சட்டம்!” பனியன் கம்பெனிக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் மீசையை முறுக்கினார். “சொன்னாத்தான் பால்.”

எதிர் ஊட்டு நூர்ஜான் அக்காவும் முக்காட்டைச் சரிசெய்தபடி ஒத்து ஊதினார். “எளகிடாதீங்க அம்மிணி. அப்பத்தான் பேச்சு வரும்.”

ஒரு மாசம் ஓடியது. பூங்கோதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நானும் கொடுக்கவில்லை. ஆனால் கன்னம் மட்டும் உப்பிக்கொண்டே வந்தது.

சோகை முற்றினால் முகம் வீங்கும் என்று எதிலோ படித்திருந்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டரம்மா கன்னத்தை அமுக்கினார். எடை போட்டார்.

“நாலு பவுண்டு ஏறியிருக்கா. வீக்கமில்லேம்மா, சதை! நல்லாத்தான் பால் குடுத்திருக்கே.”

“ஐயோ, நான் குடுக்கறதே இல்லீங்க டாக்டர்!”

டாக்டரம்மா சிரித்தார். பிள்ளையிடம் டம்ளரைக் கவிழ்ப்பது போலக் காட்டி, ‘யாரு?’ என்று கையை விரித்தார்.

நான் தடுப்பதற்குள் பூங்கோதையின் கைகள் கிளம்பிவிட்டன. மூக்குக்குக் கீழே மீசையை முறுக்கி, ஒரு டம்ளர் குடித்தாள். தலைக்கு முக்காடு போட்டு, ஒரு முட்டை உரித்தாள்.

டாக்டரம்மா என்னைச் சுட்டிக் காட்டினார்.

பூங்கோதை வாயை ‘பா’ என்று அகலத் திறந்தாள். வெறுங்கையை விரித்தாள்.

சாயங்காலம் நான் வாயே திறக்கவில்லை. டம்ளரை மட்டும் நீட்டினேன்.

ஒரே மூச்சில் குடித்தாள். வாயைத் துடைத்தாள். டம்ளரை முறத்துக்கு அடியில் ஒளித்தாள். பழக்கதோஷத்தில் வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

பிறகு என்னிடமே வாயை ‘பா’ என்று திறந்து காட்டி, கையை ஆட்டினாள்.

அம்மா வரவில்லையாம். பயப்பட வேண்டாமாம்.