இடது கண்ணாடியில் ஒரு கை

போன தை மாதம்தான் என் பிக்கப் வண்டியின் இடது கண்ணாடியில் அந்தக் குவிந்த வட்டக் கண்ணாடியை ஒட்டினேன். பின்சக்கரம் முதல் ரோட்டோரச் சுவர் வரைக்கும் அதில் தெரியும். ஒரு வருடம் முன்பே ஒட்டியிருந்தால், நான் ரிவர்ஸ் எடுத்தபோது லோடுமேன் தனசேகரன் அண்ணனின் கால் சக்கரத்தில் மாட்டியிருக்காது.

மலை இறங்கும்போது அண்ணன் பின்னால் நின்று வண்டியின் பக்கவாட்டில் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் போகலாம், ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும். இப்போது அவர் வாசலூர்பட்டியில் கட்டிலோடு கிடக்கிறார். மரவள்ளிக் கிழங்கு லோடோடு நான் தனியாகத்தான் இறங்குகிறேன்.

ஆனால் புதுக் கண்ணாடியில் ஒரு கை தெரிகிறது. திரும்பிப் பார்த்தால் செம்மண் அப்பிய கிழங்கு மூட்டைகள்தான். ஒவ்வொரு வளைவிலும் அது இரண்டு முறை தட்டும். எனக்கும் பழகிவிட்டது.

நேற்று முப்பத்தெட்டாம் வளைவில் ஒரே ஒரு தட்டு. ரோடு காலியாக இருந்தது. இருந்தும் பிரேக்கை மிதித்தேன். பத்தடி முன்னால் பாறை வந்து விழுந்தது.

சாயங்காலம் ஒரு சீப்பு மலைவாழையோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன்.

“பாறை ரொம்பப் பெருசா கண்ணு?” என்று அவரே கேட்டார்.

“பெருசுதானுங்கண்ணா. உங்களாலதான் உசுரோட வந்திருக்கேன்.”

அவர் சிரித்தார். ராதிகா அண்ணி சொம்போடு வந்தார்.

“கட்டில உட்டு எறங்கறதே இல்லீங்க தம்பி. ஆனா தெனமும் கை கழுவி உடோணும்.”

அண்ணி ஊற்றிய தண்ணீர், அண்ணன் விரல்களிலிருந்து செம்மண்ணாக வடிந்தது.