விட்ட ரயில்

"அன்னிக்கு ரயிலை விட்டது யாரு? நீங்களா, நானா?"

விடிந்ததும் விடியாததுமாக அம்மா ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து அறையில் படுத்திருந்த மகளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஊரிலிருந்து அவள் வந்த நாளாகக் காலையில் இதே பாட்டுத்தான். எழுந்து போய் அவர்கள் அறை வாசலில் நின்றாள்.

அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பார்கின்சன் நோய், கை தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் படுக்கையிலிருந்து எழுந்தவர் அப்படியே சுருண்டு விழுந்து, நெற்றியில் தையல். இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

"குடையைக் காணோம்னு பாதி வழியில திரும்பி ஓடினது நீ!" அடங்கிப்போயிருந்த அப்பாவின் குரல் கோபத்தில் கொஞ்சம் எழும்பியது.

"கல்யாணமான புதுசு. எல்லா ரயிலுக்கும் கொடி காட்டின ஸ்டேஷன் மாஸ்டர், சொந்தப் பெண்டாட்டியோட போற ரயிலைக் கோட்டை விட்டாரு. ஊரே சிரிச்சுது! இந்தாங்க, தண்ணியைக் குடிச்சிட்டுப் பேசுங்க."

அப்பா தம்ளரைக் காலி செய்தார். "நான் ஒண்ணும் விடலை!" என்று கால்களை மாற்றி மாற்றித் தரையில் தட்டினார். கோபம் வந்தால் அவருக்கு அது பழக்கம்.

"சாயங்காலம் வரைக்கும் அந்த சிமெண்டு பெஞ்சுல உட்கார வச்சீங்களே!"

"அதனாலதானே ரெண்டு பேரும் முதல் தடவையா மனசு விட்டுப் பேசினோம்?"

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "சரிங்க, தப்பு என்னோடதுதான்" என்றாள்.

ஜெயித்துவிட்ட மிடுக்கோடு அப்பா மெல்ல எழுந்தார். நின்றார். அம்மாவின் தோளைப் பிடித்தபடி ஜன்னலோர நாற்காலிக்கு நடந்தார்.

மகள் அம்மாவை அடுக்களையில் பிடித்துக்கொண்டாள். "முடியாத மனுஷனோட இப்படியா மல்லுக்கட்டுவே? அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்."

"போ. ஆனா உனக்குச் சண்டை போடத் தெரியுமா?" அம்மாவின் குரல் தழைந்தது. "எந்திரிச்சா அவருக்கு பிரஷர் சட்டுனு இறங்கிடுது. தண்ணி குடிச்சு, காலை ஆட்டி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுத்தான் எந்திரிக்கணுமாம். சொன்னாக் கேக்கற ஆளா? ஆனா சண்டையில பாதியில எந்திரிச்சுப் போற வழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது."

மகள் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அவர் முகத்துக்குச் சிரிப்பு வந்து சேர இப்போதெல்லாம் நேரமாகிறது. வந்தது.

"சொல்லிட்டாளா? எனக்கும் தெரியும்னு அவகிட்ட மூச்சு விடாதே, சண்டை நின்னுடும்" என்றார் மெதுவாக. "இன்னொண்ணு... ரயில்ல ஏறியிருந்தா சுத்திலும் சொந்தக்காரங்க, அவகிட்டத் தனியாப் பேசவே முடிஞ்சிருக்காது. அந்தக் குடையை ஒளிச்சு வச்சதே நான்தான்!"