எல்லாரும் இருக்கும் படம்

கம்ப்யூட்டர் திரையில் இந்தச் சக்கரம் இன்னும் ஒரு சுற்று சுற்றினால் கத்திவிடுவேன் என்று நினைத்தாள்.

கத்தவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாண ஆல்பத்தின் நாற்பது பக்கங்கள் மாலைக்குள் ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும். பதினேழாவது பக்கத்தில், மாப்பிள்ளையின் தோள்வரை காட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. காலையிலிருந்து நான்காவது முறை.

அணைத்துப் போட்டாள். வால்பேப்பர் வந்தது. மங்கலாக, கட்டம் கட்டமாக உடைந்த ஒரு படம்.

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்த கணவனின் தம்பி சிரித்தான்.

"ஊர்ல இருக்கறவங்க மூஞ்சியெல்லாம் பளபளன்னு ஆக்கித் தர்றீங்க அண்ணி, உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் பேய்ப் படமா? இதை முதல்ல தூக்குங்க, மெஷின் தானா ஓடும்."

அது வெறும் அறுபது கேபி. பழைய போனில் எடுத்தது. திரையளவுக்கு இழுத்ததால் உடைந்து தெரிகிறது. அது எதையும் மெதுவாக்காது. முந்நூறு பெரிய படங்களை ஒன்றாகத் திறந்தால் பழைய மெஷின் திணறத்தான் செய்யும். மெமரி கூட்ட வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்கிறாள். கணவனும் ஆறு மாதமாகத் தலையாட்டுகிறான்.

விளக்க அலுப்பாக இருந்தது. விளக்கினாலும், இந்த வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் தம்பிதான்.

அவன் மௌஸை வாங்கி, போன வருடம் கடற்கரைக்குப் போன படங்களில் ஒன்றைத் திறந்தான். மணலை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அத்தனை துல்லியம். மாமியார், கணவன், இரண்டு குழந்தைகள், தம்பி.

"இதைப் போடுங்க. எல்லாரும் இருக்கோம் பாருங்க."

பார்த்தாள். வெளிச்சத்துக்காக அவர்களை இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னது நினைவிருந்தது. மாமியார் கண்ணை மூடிவிட்டதால் மறுபடி எடுத்ததும்.

மௌஸைத் திரும்ப வாங்கி அதை மூடினாள்.

மங்கல் படம் வந்தது. மகளுக்கு அப்போது மூன்று வயது. போனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது எதையோ அமுக்கியிருக்கிறாள். சாய்ந்த சுவர். போனைப் பிடுங்க நீளும் ஒரு கை. கைக்குப் பின்னால், சிரிக்கும் பாதி முகம்.

வீட்டில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில், எடுப்பவள் அகப்பட்ட படம் அது ஒன்றுதான்.

அணைத்துப் போட்டதில் ஐகான்கள் இடம் மாறியிருந்தன. குப்பைத்தொட்டி அந்த முகத்தின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. அதை ஓரத்துக்கு இழுத்துவிட்டாள்.

"இதே இருக்கட்டும்" என்றாள்.

பதினேழாவது பக்கத்தைத் திறந்தாள்.